ஜி2, பி1, எல்1

இரண்டாவது முறை கர்ப்பமான பெண்ணின் தாய் சேய் நல அட்டையில் செவிலியர்கள் எழுதும் சுருக்கம் இது. ஜி2 என்றால் இரண்டாம் கர்ப்பம். பி1 என்றால் ஏற்கெனவே ஒரு பிரசவம். எல்1 என்றால் உயிரோடு இருக்கும் குழந்தை ஒன்று. அந்த எல்1 பெரும்பாலும் அட்டை எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மூக்கு ஒழுகிக்கொண்டு, அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டு, எடை பார்க்கும் இயந்திரத்தில் தானும் ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டு.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இந்த எல்1-கள் மேல் தனிப் பிரியம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் நர்சம்மாவாகவே இருக்கட்டும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. அவர் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர். கர்ப்பப் பதிவு, ரத்த அழுத்தம், ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று அவர் வேலைப் பட்டியல் நீளம். அதில் மூத்த பிள்ளையோடு பேசுவது என்று ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் இரண்டாம் கர்ப்பம் ஒழுங்காக நடப்பதில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

முதல் கர்ப்பத்துக்கு வீடே கூட வரும். மாமியார் ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம், வளைகாப்புக்கு நாள் பார்க்கும் பெரியம்மா ஒரு பக்கம். இரண்டாவதுக்குப் பெரும்பாலான வீடுகளில் வளைகாப்பு கிடையாது. அங்கன்வாடிக்காரர்கள் நடத்தும் சமுதாய வளைகாப்பில் போய் உட்கார்ந்தால்தான் உண்டு. செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு அவள் தனியாக வருவாள், இடுப்பில் மூத்ததைத் தூக்கிக்கொண்டு. காத்திருக்கும் நேரத்தில் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்ப்பார்கள். நர்சம்மா முதலில் பார்ப்பது இடுப்பில் இருப்பதன் மேற்கையை.

அந்தக் கையில் நாடா சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நாடா பச்சை காட்டும். 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, நடுவில் மஞ்சள். அம்மாவுக்கு அடுத்தது தங்கியதும் பச்சையிலிருந்த பிள்ளை மஞ்சளுக்கு இறங்குவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஊரில் இதைச் சவலை விழுந்த பிள்ளை என்பார்கள். பால் நின்றது ஒரு காரணம். மசக்கையில் கிடக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட முடியாமல் போவது இன்னொன்று. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அடுத்த குழந்தை வந்ததால் தாய்ப்பாலை இழந்த பிள்ளைகளுக்கு உடம்பு வீங்கும் நோய் வருவதைக் கண்டு எழுதினார். குவாஷியார்கர் என்று மருத்துவப் புத்தகங்களில் இருப்பது அதுதான். அரூருக்கும் கானாவின் அக்ராவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பாலை நிறுத்தும் விதத்திலும் நர்சம்மாவுக்கு வருத்தம் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிவிடுவார்கள். நேற்றிரவு வரை இனித்தது இன்று காலை கசக்கும். கர்ப்பிணியின் பால் மூத்ததற்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. ரத்தப்போக்கோ, முன்பு குறைமாதப் பிரசவமோ இல்லாத பெண் தொடர்ந்து கொடுக்கலாம். மாதம் ஏற ஏறப் பால் தானாகவே குறையும், சுவையும் மாறும், பல குழந்தைகள் தாமே விட்டுவிடும். “அவளே விடட்டும் தாயி, நீ பிடுங்காத” என்று சொல்லிவிட்டு, மாமியாரிடம் தனியாகப் போய், இரவுப் பாலை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். பாதி வீடுகளில் நடக்கும். மீதி வீடுகளில் வேப்பிலைதான் ஜெயிக்கும். அந்த வீடுகளில், பால் நின்ற அதே வாரத்தில் பாயிலும் பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்காதீர்கள் என்று மட்டும் சண்டை போட்டுவிட்டு வருவார்.

பாய் விஷயம் சாதாரணமில்லை. ஏழாம் மாதத்துக்கு மேல் மடி என்று ஒன்று இருக்காது. உட்கார்ந்தால் வயிறு முட்டிவரை வந்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று கர்ப்பிணிக்குச் சொல்கிறோம். மூத்தவள் அதுவரை வலது பக்கம் படுத்தவளாக இருந்தால் திடீரென்று அவள் பக்கம் அம்மாவின் முதுகு வந்துவிடுகிறது. இதை ஒரு வீட்டில் நர்சம்மா நேரிலேயே பார்த்தார். மத்தியான நேரம். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூன்று வயதுக்காரி முதுகுப் பக்கமிருந்து அவளைத் தாண்டி ஏறி வருவதும், வயிற்றில் கால் படும் என்று பாட்டி அவளைப் பின்னாலேயே இழுத்துப் போடுவதும், அவள் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. நர்சம்மா ஒன்றும் பேசாமல் பாயைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். சுவருக்கும் அம்மாவுக்கும் இடையில், வயிற்றுப் பக்கமாக, ஒரு தலையணையை வைத்துப் பிள்ளையைப் படுக்கவைத்தார். முகத்துக்கு முகம். அவள் கையை நீட்டி அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் யார் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள் என்று கேட்காமல் அவர் வந்ததில்லை.

குழந்தை பிறந்த பிறகு எப்படியும் இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். பாட்டியோடு படுப்பதோ, பால்வாடிக்கு அனுப்புவதோ, எதுவானாலும் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும், முடியாவிட்டால் பிறந்து சில மாதம் கழித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதி. பாப்பா வந்த வாரத்திலேயே பால்வாடியில் கொண்டுபோய் விட்டால், தன்னை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருத்தியை உள்ளே எடுத்துக்கொண்டதாகத்தான் அவள் புரிந்துகொள்வாள். அதில் அவள் கணக்கு தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

இனி சிவப்பு மாத்திரை. கர்ப்பிணிக்கு மூன்று மாதம் கழிந்ததும் தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சிவப்பாக, பளபளப்பாக, மேல் பூச்சோடு இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை அதை மிட்டாய் என்றுதான் நினைக்கும். ஒரு கைப்பிடி தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்று மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. நர்சம்மா அந்த ஆசையைக் கெடுக்கமாட்டார், வேலையை மட்டும் மாற்றிவிடுவார். மாத்திரை பரண்மேல் இருக்கும், அதை எடுப்பது அம்மா. சாப்பிட்ட பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுவருவது பெண். அவள் தண்ணீரோடு வந்து நின்றுவிட்டால் அம்மாவால் மறக்க முடியாது. மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்தும் பெண்கள் நிறைய. தண்ணீர்ச் சொம்போடு எதிரே நிற்கும் பிள்ளையை ஏமாற்ற மனசு வராமலே மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் அவருக்குத் தெரியும்.

சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழம் எங்கே போகும் என்றும் அவருக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாயில் ஒரு பகுதி பெட்டகமாக வருகிறது. பேரீச்சம்பழம், ஆவின் நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கும். பழம் மூத்தவளுக்குத்தான். அம்மா ஒன்றைக்கூட வாயில் போட்டிருக்கமாட்டாள். அதட்டிப் பயனில்லை. “உனக்கு ரெண்டு, அம்மாவுக்கு ரெண்டு. நீதான் அம்மா வாயில போடணும், சாமி” என்று எல்1-இடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்.

சொல்லும் வார்த்தையில் அவர் காட்டும் கறார் பலருக்கு வேடிக்கையாக இருக்கும். “உன்னைத் தூக்குனா பாப்பாவுக்கு வலிக்கும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துவார். அம்மா தூக்காததற்குக் காரணம் இன்னும் பிறக்காத ஒன்று என்று பிள்ளையிடம் ஏன் சொல்ல வேண்டும்? “அம்மாவுக்கு இடுப்பு வலிக்குது, நான் உக்காந்துக்கறேன், நீ ஏறி வா” என்றால் முடிந்தது. உண்மையும் அதுதான். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்ததைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. குனிந்து வாரித் தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து அணைத்துத் தூக்கச் சொல்கிறார்கள். பாப்பா தூங்குது கத்தாதே, பாப்பா வந்தால் உனக்கு மடி கிடையாது, பாப்பா வரட்டும் உன்னைக் கவனிச்சுக்கிறேன் என்று வீட்டில் இருப்பவர்கள் விளையாட்டாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளை ஞாபகம் வைத்திருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது “தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?” நர்சம்மா வேலைக்கு வந்த காலத்தில் இந்த மாவட்டங்களில் அது சாதாரணக் கேள்வி இல்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்றவென்று 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. மூத்தது பெண்ணாக இருக்கும் வீட்டில், இதுவாவது பையனாக இருக்கட்டும் என்று பாட்டி சாமி கும்பிடும்போது, பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பது அந்த மூத்த பெண்தான். நாலு வயதில் அவளுக்கு எல்லாம் புரியும். அவள் குனிந்து காலுக்கு நடுவே பார்த்தால் அடுத்தது வருகிறது என்று சிரிப்பார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று ஜோசியம் கேட்பார்கள். தம்பி என்று சொன்னால் முத்தம், தங்கச்சி என்று சொன்னால் முறைப்பு. அவளும் சீக்கிரத்தில் தம்பி என்று சொல்லப் பழகிவிடுவாள். தன் எதிரே இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், மாமியார் ஆனாலும் ஊர்த் தலைவர் ஆனாலும், நர்சம்மா விடமாட்டார். “பாப்பான்னு சொல்லுங்க. அது போதும்.”

கையடக்க டாப்ளர் கருவி துணை நிலையத்துக்கு வந்தபின் அவர் வேலை கொஞ்சம் சுலபமானது. முன்பு கூம்பு மாதிரிக் குழாயை வயிற்றில் வைத்து சிசுவின் இதயத் துடிப்பை அவர் மட்டும் காதில் கேட்பார், எல்1 வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். டாப்ளரில் எல்லாருக்கும் கேட்கும். ஒருமுறை இரட்டைச் சடை போட்ட ஒருத்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றாள். ஜெல்லை யார் தடவுவது என்று கேட்டார் நர்சம்மா. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், “ஜில்லுனு இருக்கு” என்றாள், அம்மாவின் வயிறு முழுக்கத் தேய்த்தாள். கருவியை நகர்த்த நகர்த்த முதலில் இரைச்சல், பிறகு அம்மாவின் நாடி மெதுவாக. கடைசியில் அந்த வேகமான துடிப்பு பிடிபட்டது.

“ரயிலு!” என்றாள்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். வேகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்பது சும்மா கதை. அந்தப் பெண் தன் நெஞ்சிலும் வைக்கச் சொன்னாள். வைத்தார். அவளுடையது கொஞ்சம் மெதுவாக ஓடியது. “என்னுது பெரிய ரயிலு” என்று அவளே முடிவு செய்துகொண்டாள். வரிசையில் இருந்த மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வயிற்றோடு பேசச் சொல்வார், பாடச் சொல்வார். ஆறாம் மாதத்துக்கு மேல் சிசுவுக்கு வெளிச் சத்தம் கேட்கும். பிறந்த குழந்தைகள் தாயின் குரலை மற்றக் குரலிலிருந்து பிரித்து அறிகின்றன என்று அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980-இல் சோதித்துக் காட்டினார்கள். அக்காவின் குரலையும் அப்படியே கண்டுபிடித்துவிடும் என்று நர்சம்மா யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கு அந்தப் பாட்டு பாப்பாவுக்காக வேண்டியதில்லை. அம்மாவும் பெண்ணும் கால் மணி நேரம் வேறு வேலையில்லாமல் ஒட்டி உட்கார அது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த வேலையில் அவர் கண்ட பெரிய எதிரி பொறாமை இல்லை. பதவி உயர்வு. நாலு வயதுப் பெண்ணை ஒரே ராத்திரியில் பெரியவளாக்கிவிடுவார்கள். “நீ அக்கா ஆயிட்ட, இனி அழக் கூடாது.” துணி எடுத்து வா, தொட்டிலை ஆட்டு, ஈ ஓட்டு. பையன் மூத்தவனாக இருந்தால் இத்தனை வேலை வராது. பெண் என்றால் வீட்டில் ஒரு குட்டித் தாய் தயாராகிவிட்டாள் என்று ஊரே மெச்சும். அந்தப் பிள்ளையோ படுக்கையை நனைக்க ஆரம்பிக்கும், மழலை பேசும், பாப்பாவின் சங்கில் பால் ஊற்றச் சொல்லும். நர்சம்மா சொல்வது: ஊற்றுங்கள். இரண்டு நாள் ஊற்றினால் சலித்துவிடும். தாய்ப்பால் குடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டாலும் கொடுங்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவிடும். அடித்தால்தான் மாசக்கணக்கில் இழுக்கும். தானாக வந்து தொட்டிலை ஆட்டினால் ஆட்டட்டும், கூப்பிட்டு ஆட்டச் சொல்லாதீர்கள்.

பிரசவ நாளைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவதும் அவர் பழக்கம். வலி ராத்திரியில்தான் வரும். 108 ஆம்புலன்ஸ் வரும், அம்மா போய்விடுவாள், காலையில் எழுந்தால் பாயில் ஆள் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாள், அறுவை என்றால் ஏழெட்டு நாள். அதனால் ஒன்பதாம் மாதமே எல்1-ஐ உட்காரவைத்து, தலை வாருவது யார், சோறு போடுவது யார், யார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்வார். நடுராத்திரி ஆனாலும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ என்பார் அம்மாவிடம். அழுவாள்தான். அழுதுவிட்டுத் தூங்கிவிடுவாள். ஆஸ்பத்திரியில் முதல்முறை பார்க்க வரும்போது அம்மாவின் கை காலியாக இருக்க வேண்டும், பாப்பா பாட்டியிடமோ தொட்டிலிலோ இருக்கட்டும். 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் சோப்பு, கொசுவலை, சவுபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள் உண்டு. அதிலிருக்கும் கிலுகிலுப்பையை நர்சம்மா தனியே எடுத்து மூத்தவள் கையில் கொடுத்துவிடுவார். பாப்பாவிடம் கொடுப்பதா தானே வைத்துக்கொள்வதா என்பது அவள் இஷ்டம்.

அவர் படிக்காத ஒரு புத்தகம் அவர் சொல்வதையே சொல்கிறது. ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை, இரண்டாவது பிறக்கும் முன்பிருந்தே வீட்டுக்குப் போய்ப் பார்த்து, 1982-இல் வெளியிட்டார்கள். பாப்பாவுக்கும் பசி, கோபம், விருப்பம் உண்டு என்று மூத்ததிடம் பேசிய அம்மாக்களின் வீட்டில் பிள்ளைகள் பிறகு கூடுதல் நட்போடு இருந்தன. இன்னொரு முடிவு கொஞ்சம் சங்கடமானது. பிரசவத்துக்கு முன் அம்மாவோடு மிக ஒட்டியிருந்த மூத்த பெண்களுக்குத்தான் ஓராண்டு கழித்துச் சின்னதோடு அதிக உரசல். அப்பாவோடு நெருக்கம் இருந்த வீடுகளில் அம்மாவோடு மல்லுக்கட்டு குறைவு.

அரூர் பக்கத்து அப்பாக்கள் பலர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். மாதம் ஒருமுறை, பண்டிகைக்கு ஒருமுறை வருவார்கள். வரும்போது பொம்மை வரும், பிஸ்கட் வரும். பெண் கிட்டே போகவே ஒரு நாள் ஆகும், அதற்குள் பஸ் வந்துவிடும். ஒரு கொத்தனார், மழையில் வேலை நின்றதால் மனைவியின் ஏழாம் மாதத்தில் ஊருக்கு வந்து தங்கினார். நர்சம்மா அவரிடம் ஒரே வேலையைக் கொடுத்தார். ராத்திரி களி ஊட்டுவது. வேறு எதுவும் வேண்டாம். முதல் வாரம் பெண் வாயைத் திறக்கவில்லை. “ஆம்பளை களி ஊட்டறதைப் பார்க்கணும்னு இருக்குது எனக்கு” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கொத்தனார் உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது எப்படி என்று தன் தொண்டையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்க்கவே பக்கத்தில் வந்தாள்.

பிரசவம் அறுவையாகிவிட்டது. அம்மா வார்டில் இருந்த நாளெல்லாம் பெண் அப்பாவிடம் சாப்பிட்டாள், தூங்கினாள். அடுத்த முறை நர்சம்மா நாடாவைச் சுற்றியபோது பச்சையிலேயே இருந்தது. “நான் வளர்த்த பேத்தி, சும்மாவா” என்றார் மாமியார். நர்சம்மா மறுக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கு வேறு வேலை பாக்கியிருந்தது. பிறந்ததும் பெண். காப்பர்-டி போட்டுக்கொள்ள மருமகள் தயார், கொத்தனாரும் தயார், மாமியார் மட்டும் இன்னும் ஒன்று பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.